கட்டிய இடத்தில் நிறம் ஏறாது

சிலப்பதிகாரத்துக்கு அடியார்க்குநல்லார் எழுதிய உரையில் துணிவகைகளின் நீண்ட பட்டியல் ஒன்று வரும். அதில் ஒரு பெயர் ‘நூல்யாப்பு’. யாப்பு என்றால் வெண்பா, ஆசிரியப்பா என்றே படித்துப் பழகிவிட்டோம். ஆனால் யாத்தல் என்றால் கட்டுதல். இந்தப் பொருள் எனக்குக் கையில் உறைத்தது ஒரு சாயப் பயிலரங்கில்தான்.

எனக்கு ஊர் ராஜபாளையம். பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்வது பேண்டேஜ் துணி. வெள்ளையைப் பார்த்தே வளர்ந்தவன் அவுரி நீலம் கற்கப் போனேன். இரண்டே நாள். தொட்டியை முன்கூட்டியே தயாராக வைத்திருந்தார்கள். நாங்கள் முக்கி எடுத்து போட்டோ பிடித்ததோடு சரி. கொடுத்த கையேட்டில் ‘மண்ணின் மாயம்’ என்று இருந்தது.

மாயம் எல்லாம் இல்லைங்க. நீலம் தண்ணீரில் கரையாது. சுண்ணாம்பும் வேகவைத்த தகரை விதையும் சேர்த்துப் புளிக்கவிட்டால், நுண்ணுயிர்கள் அதைக் கரையும் வடிவத்துக்கு மாற்றும். தொட்டியிலிருந்து துணி மஞ்சள் கலந்த பச்சையாகத்தான் வெளியே வரும். காற்றுப் பட்டுத்தான் நீலமாகும். அந்தப் புளித்த நாற்றத்தையும் தினம் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் ஆளையும் விட்டுவிட்டு எழுதுவதைத்தான் நம் ஆட்கள் அழகியல் என்கிறார்கள்.

‘இயற்கை’ என்ற சொல்லும் அப்படித்தான். 1859இல் வங்க விவசாயிகள் கிளர்ந்தெழுந்தது இயற்கை அவுரிக்கு எதிராகத்தான். அடுத்த வருடமே தீனபந்து மித்ராவின் ‘நீல் தர்பண்’ நாடகம் வெளியானது. ஜெர்மனியின் செயற்கை நீலம் சந்தைக்கு வந்தது 1897இல். செடியிலிருந்து வந்தது என்பதாலேயே ஒரு நிறம் நியாயமானதாகிவிடாது.

மதுரைச் சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சௌராஷ்டிரப் பெண்கள் துணியைக் கிள்ளி, நூலால் சுற்றி, ஒவ்வொரு புள்ளியாகக் கட்டுவார்கள். கட்டிய இடத்தில் சாயம் ஏறாது; அவிழ்த்தால் வெள்ளைப் புள்ளி. இன்று அதே பெயரில் மெழுகு அச்சும் ஸ்கிரீன் பிரிண்டும் விற்கின்றன. அதுவும் உழைப்புதான், மறுக்கவில்லை. ஆனால் கட்டியவளின் விரல் இருந்த இடம்தான் சுங்குடியின் புள்ளி. அச்சில் அந்த இடமே இல்லை.

ஊர் திரும்பும் வழியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, நாச்சியார் திருமொழியை மறுபடி எடுத்தேன். பதின்மூன்றாம் திருமொழியில் கோதை கேட்பது கரிய மேனியனின் நிறத்தை அல்ல. அவன் இடுப்பில் கட்டிய மஞ்சள் ஆடையை. அதைக் கொண்டுவந்து தன் மேல் வீசச் சொல்கிறாள். உடம்பு கிடைக்காதபோது அதைத் தொட்ட துணி போதும் என்ற நிலை. இத்தனை கட்டற்ற தாபத்தையும் அவள் பெரும்பாலும் பத்துப் பத்துப் பாட்டாக, இறுதியில் தன் பெயரை முடிந்துவைத்த கட்டுக்குள்தான் சொல்கிறாள். கட்டு இல்லாவிட்டால் முழுக்க ஒரே சாயமாகத்தான் இருந்திருக்கும்.

துணியைப் பற்றி எழுதுகிறவர்கள் நீலத்தை வியந்தது போதும். கட்டிய கைகளைப் பற்றிக் கொஞ்சம் எழுதுங்கள்.