இணைய நூலகங்களும் இஸ்னாதும்

ஒரு ஹதீஸின் ஒரே ஒரு சொல் மட்டும் நினைவில் நிற்கிறது. அது எந்த நூலில், எந்தப் பாடத்தில் இடம்பெறுகிறது என்பதைக் கண்டறிய வேண்டும். நான் மத்ரஸா மாணவனாக இருந்த காலத்தில் இதற்கு எங்களிடம் இருந்த வழி ஒன்றுதான். 'அல்முஃஜமுல் முஃபஹ்ரஸ் லிஅல்ஃபாழில் ஹதீஸ்' என்னும் பெருந்தொகுதிகளை உஸ்தாதின் அனுமதியோடு நூலக அலமாரியிலிருந்து இறக்கி, சொல்லின் வேரைக் கண்டு, அதன்கீழ் வரிசையாக நிற்கும் சுருக்கக் குறியீடுகளைப் படிக்க வேண்டும். டச்சு அறிஞர் வென்சிங்க் முன்னின்று தொடங்கிய அப்பணியின் முதல் தொகுதி 1936இல் லைடன் நகரில் வெளிவந்தது. 1939இல் அவர் மறைந்தார். மற்றவர்கள் தொடர்ந்தனர். எட்டாவதான அட்டவணைத் தொகுதி 1988இல் வந்தபோது அரை நூற்றாண்டு கடந்திருந்தது. ஸிஹாஹ் ஸித்தாவோடு தாரிமீ, முவத்தா, முஸ்னத் அஹ்மத் சேர்ந்த ஒன்பது நூல்களுக்கு மட்டுமே அது வழிகாட்டும்.

இன்று அதே சொல்லைக் கணினியில் தட்டினால் ஒன்பது நூல்களில் அல்ல, ஆயிரக்கணக்கான நூல்களில் அது வரும் இடங்கள் நொடிப்பொழுதில் திரையில் விரிகின்றன. இது பெரும் அருட்கொடை என்பதில் ஐயமில்லை. ஆயினும் பழைய முஃஜமுக்கும் இன்றைய தேடுபொறிக்கும் இடையே வேகத்தைத் தவிர வேறொரு வேறுபாடும் உண்டு. முஃஜம் நமக்கு ஹதீஸை முழுமையாகத் தராது. நூலின் பெயரையும் பாட எண்ணையும் தந்து, நம்மை அந்நூலுக்கே அனுப்பிவைக்கும். தேடுபொறியோ வாசகத்தைத் திரையிலேயே தந்துவிடுகிறது. நூலுக்குப் போக வேண்டிய தேவை முடிந்துவிட்டதாக ஒரு மயக்கம் பிறக்கிறது. இணையத்தில் அறிவு தேடுவோர் எந்தத் தளங்களை நாடலாம், எப்படி நாடலாம் என்ற கேள்வியை இம்மயக்கத்தை மனத்தில் வைத்தே அணுக வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் இறுதியாண்டு மாணவர் ஒருவர் ஆய்வுக் கட்டுரை ஒன்றை என்னிடம் தந்தார். தஃப்ஸீர் நூலொன்றிலிருந்து தொகுதி, பக்க எண்களோடு ஏழெட்டு மேற்கோள்கள் காட்டியிருந்தார். கல்லூரி நூலகத்தில் இருந்த அச்சுப் பிரதியைப் புரட்டினேன். ஒன்றுகூட அந்தப் பக்கத்தில் இல்லை. மாணவர் பொய் சொல்லவில்லை. மின்நூலில் கண்ட எண்களையே உண்மையாக எழுதியிருந்தார். அந்த எண்கள் அச்சுப் பிரதிக்குரியவை அல்ல, கணினி தானாக இட்டவை என்பது நூலின் முகப்பிலேயே குறிக்கப்பட்டிருந்தது. அதை அவர் படிக்கவில்லை. அதற்கு முன்னர் அவ்வாறு வந்த கட்டுரைகளுக்கு நானும் சரிபார்க்காமலேயே மதிப்பெண் இட்டிருக்கிறேன் என்பதை அன்றுதான் வெட்கத்தோடு உணர்ந்தேன்.

நமது முன்னோர் ஹதீஸை ஏற்பதற்கு முன் கேட்ட முதற்கேள்வி, 'இதை உமக்கு அறிவித்தவர் யார்?' என்பதே. மின்நூலுக்கும் அக்கேள்வி பொருந்தும். இந்த வாசகம் எந்தப் பதிப்பிலிருந்து எடுக்கப்பட்டது? அப்பதிப்பைத் தஹ்கீக் செய்தவர் யார்? தட்டச்சு செய்தவர் யார், மூலத்தோடு ஒப்பிட்டவர் யார்? பிழை கண்டால் திருத்துவதற்கு வழி உண்டா? இக்கேள்விகளுக்கு விடை தரும் தளம் இஸ்னாது உடைய தளம். விடை தராத தளம் எவ்வளவு அழகாக வடிவமைக்கப்பட்டிருந்தாலும், அறிவிப்பாளர் பெயர் தெரியாத அறிவிப்பைப் போன்றதே.

இந்த உரைகல்லில் சில தளங்களை உரைத்துப் பார்ப்போம். அரபுக் கல்லூரிகள் அனைத்தும் அறிந்த 'அல்மக்தபதுஷ் ஷாமிலா' முதலில் நிற்கிறது. இலவசமாகக் கிடைக்கும் இந்த மென்பொருளால், நூல் வாங்க வசதியற்ற ஏழை மாணவனும் ஒரு பெரும் நூலகத்தைத் தன் கணினியில் வைத்துக்கொள்ள முடிகிறது. இதன் சிறப்புகளில் பெரியது, நூலின் தொடக்கத்தில் உள்ள நூல் அட்டை. ஆசிரியர், பதிப்பாளர், பதிப்பாண்டு ஆகியவற்றோடு, பக்க எண்கள் அச்சு நூலோடு ஒத்துள்ளனவா, தானாக இடப்பட்டவையா என்பதையும் அது சொல்லும். 'முவாஃபிக் லில்மத்பூஃ' என்னும் குறிப்பைப் பார்க்காமல் ஷாமிலாவிலிருந்து பக்க எண் எழுதுவது கூடாது என்பதை மாணவர்களுக்கு முதல் வகுப்பிலேயே சொல்லிவிட வேண்டும். அக்குறிப்பு இருந்தாலும் தட்டச்சில் நேர்ந்த பிழைகள் இல்லாமல் போவதில்லை.

அதனால் ஷாமிலாவோடு 'அல்மக்தபதுல் வக்ஃபிய்யா'வையும் இன்டர்நெட் ஆர்க்கைவையும் இணைத்துப் பயன்படுத்த வேண்டும். இவற்றில் கிடைப்பவை நூல்களின் பக்கப் படங்கள். சொல்லைத் தேட ஷாமிலா, கண்ணால் சரிபார்க்கப் பக்கப் படம் என்பதே முறை. இதன் அருமை ஸஹீஹுல் புகாரீயில் நன்கு விளங்கும். டமாஸ்கஸில் ஹாஃபிழ் யூனீனீ (இறப்பு ஹிஜ்ரி 701), புகாரீயின் பல பிரதிகளை ஒப்பிட்டுத் தம் பிரதியைச் செம்மை செய்தார். இலக்கணச் சிக்கல் எழுந்த இடங்களில் அவருக்குத் துணைநின்றவர், நாம் ஓதும் அல்ஃபிய்யாவை இயற்றிய இப்னு மாலிக். எந்தச் சொல் எவருடைய பிரதியில் எப்படி இருக்கிறது என்பதைச் சுருக்க எழுத்துகளால் யூனீனீ குறித்தார். எடுத்துக்காட்டாக, ஸாத் எழுத்து அஸீலீயின் பிரதியைக் குறிக்கும். யூனீனீயின் பிரதியை ஆதாரமாகக் கொண்டு, ஸுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீதின் ஆணைப்படி ஹிஜ்ரி 1311 முதல் 1313 வரை எகிப்தின் பூலாக் அச்சகத்தில் வெளிவந்த ஸுல்தானிய்யா பதிப்பு, அவ்வெழுத்துகளை ஓரங்களில் அப்படியே அச்சிட்டது. மின்வாசகமாக மாறும்போது பெரும்பாலும் அந்த ஓரங்கள்தாம் உதிர்ந்துபோகின்றன. நடுப்பகுதி மட்டும் திரையில் எஞ்சுகிறது. பல தலைமுறை அறிஞர்களின் கவனம் அந்த ஓரத்தில்தான் இருக்கிறது என்பதைப் பக்கப் படத்தைப் பார்த்தவரே அறிவார்.

ஹதீஸ்களின் தரம் அறிய விரும்புவோர் 'அத்துரருஸ் ஸனிய்யா' தளத்தை நாடுகின்றனர். தேடும் ஹதீஸுக்குக் கீழே அறிவித்த ஸஹாபி, தீர்ப்புக் கூறிய முஹத்திஸ், அவருடைய நூல், பக்கம் அல்லது எண், தீர்ப்பின் சுருக்கம் என ஐந்து செய்திகள் வரிசையாக வரும். இஸ்னாது உடைய தளத்துக்கு இது நல்ல சான்று. ஆனால் ஒரே ஹதீஸுக்குப் பல தீர்ப்புகள் வரும்போது, தமக்குப் பிடித்த ஒன்றை மட்டும் பிரதி எடுத்துப் பகிரும் பழக்கம் நம்மிடையே பெருகிவிட்டது. கல்வியைச் சீனாவரை சென்றேனும் தேடச் சொல்வதாக நம் மேடைகளில் கூறப்படும் செய்தியையே பாருங்கள். பைஹகீ (ரஹ்) அதன் வாசகம் பிரபலமானது, இஸ்னாது பலவீனமானது என்றார். இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) அதை இட்டுக்கட்டப்பட்டவற்றின் தொகுப்பிலேயே சேர்த்தார். இரண்டும் ஒரே தீர்ப்பு அல்ல. முஹத்திஸின் தீர்ப்பு பல நேரங்களில் ஒரு குறிப்பிட்ட அறிவிப்பு வழியைப் பற்றியது. சுருக்கத்தில் அந்த வழி தெரியாது. சுருக்கம் நூலின் வாசல்வரைதான் கொண்டுபோய் விடும்.

தேடியும் கிடைக்காதபோது என்ன செய்வது என்பதும் சிந்திக்கத்தக்கது. கணினி எழுத்துகளைத் தேடுகிறது, பொருளைத் தேடுவதில்லை. ஹம்ஸாவின் இருக்கை மாறினாலோ, ஒரு வினை வேறு வடிவில் வந்தாலோ விளைவு வெறுமையாகலாம். மேலும் ஹதீஸ்கள் பொருள்வழியாகவும் அறிவிக்கப்பட்டவை. ஓர் அறிவிப்பில் உள்ள சொல் மற்றோர் அறிவிப்பில் இராது. 'லா அஃரிஃபுஹு', நான் இதை அறியேன் என்று சொன்ன ஹாஃபிழ்கள் பலர். இலட்சக்கணக்கான அறிவிப்புகளை மனனம் செய்தவர்களே அப்படிப் பணிவோடு பேசினார்கள். ஒரு முறை தட்டிப் பார்த்துவிட்டு 'இப்படி ஒரு ஹதீஸே இல்லை' என்று அறிவிக்கும் துணிச்சல் நமக்கு எங்கிருந்து வந்தது?

எண்களிலும் ஓர் எச்சரிக்கை தேவை. ஆங்கிலம் அறிந்த வாசகர்கள் பயன்படுத்தும் ஸுன்னா.காம் தளம், ஒவ்வொரு ஹதீஸுக்கும் நூலின் தொடர் எண்ணையும் அத்தியாயத்துக்குள் வரும் எண்ணையும் தருகிறது. கூடவே தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழக முஸ்லிம் மாணவர் சங்கத்தின் பழைய தளம் கையாண்ட எண்ணையும், அது வழக்கொழிந்தது என்ற குறிப்போடு தருகிறது. இணையத்தைப் பார்த்து 2000களில் எழுதப்பட்ட கட்டுரைகள் பலவற்றில் அந்தப் பழைய எண்களே உள்ளன. அவற்றை இன்றைய பதிப்புகளில் தேடி, 'கட்டுரையாளர் பொய் சொல்லிவிட்டார்' என்று முடிவு கட்டியவர்களும் உண்டு. எண்ணோடு அத்தியாயத்தின் பெயரையும் எழுதிவைத்தால் இச்சிக்கல் எழாது. இப்போது வினாவுக்கு உடனே விடை எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் வந்துவிட்டன. அவை இல்லாத ஹதீஸுக்கு இல்லாத எண்ணைத் தயக்கமின்றித் தரக்கூடியவை. ஆகவே மூலத்தைத் திறந்து பார்க்கும் கடமை முன்னைவிட இப்போது கனமாகியிருக்கிறது.

அரபு இலக்கணம் கற்பிப்போருக்கு லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவான குர்ஆன் அரபுச் சொற்றொகுதித் தளத்தைப் பரிந்துரைப்பேன். 77,430 சொற்களாகப் பகுக்கப்பட்ட குர்ஆன் வாசகத்தில் சொல்தோறும் வேர், வகை, வேற்றுமை ஆகியவை குறிக்கப்பட்டுள்ளன. அங்கே நான் பெரிதாக மதிப்பது வேறொன்று. ஒரு சொல்லின் பகுப்பில் பிழை இருப்பதாகக் கருதுபவர் தம் கருத்தை எழுதவும், அதைப் பிறர் மறுத்தோ ஏற்றோ எழுதவும் இடம் தரப்பட்டிருக்கிறது. திருத்தத்தின் வரலாறு கண்முன் தெரிகிறது.

இனி நம் தாய்மொழிக்கு வருவோம். 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்நூல் எதைத் திறந்தாலும், அதைத் தட்டச்சு செய்தவர் யார், பிழைதிருத்தியவர் யார் என்று முகப்பில் நன்றியோடு குறித்திருப்பார்கள். இஸ்னாது என்ற சொல்லை அவர்கள் பயன்படுத்தவில்லை. செய்கையில் அதுவே இருக்கிறது. உமறுப்புலவரின் சீறாப்புராணமும் அத்திட்டத்தில் ஏறியிருக்கிறது. இலங்கையில் 2005இல் தொடங்கிய நூலகம் தளத்தில் அந்நாட்டு முஸ்லிம்களின் நூல்களும் இதழ்களும் பக்கப் படங்களாகக் கிடைக்கின்றன.

ஆனால் அரபுத்தமிழ்? கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) இயற்றிய மகானீ போன்ற கிதாபுகளை நம் பாட்டிமார் வீட்டில் ஓதியே மார்க்கச் சட்டம் கற்றார்கள். அந்தக் கல்லச்சுப் பிரதிகளில் சில இணையத்தில் படங்களாக ஏறியிருந்தாலும் அவற்றுக்குள் சொல் தேட முடியாது. தட்டச்சு செய்து தரவேண்டியவர்கள் அரபெழுத்தும் தமிழும் ஒருங்கே அறிந்தவர்கள், அதாவது, நாம். அந்த எழுத்தைத் தடையின்றிப் படிப்போர் ஆண்டுதோறும் குறைந்து வருகிறார்கள். பிற மொழியினர் நமக்கென்று அமைத்த நூலகங்களில் நாம் நாளெல்லாம் தேடுகிறோம். நம்மிடம் மட்டுமே உள்ளதை எவரும் தேடிக் கண்டடைய நாம் வழிசெய்யவில்லை.

இணையத்தில் ஏற்றினால் மட்டும் எதுவும் நிலைத்துவிடாது என்பதையும் கண்டோம். 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகள் தாக்கப்பட்டபோது, அதன் மின்மயமான சுவடிகள் நெடுங்காலம் எவருக்கும் எட்டாமல் போயின. 2024 அக்டோபரில் இன்டர்நெட் ஆர்க்கைவும் தாக்குதலுக்குள்ளாகிச் சில நாள்கள் முடங்கியது. எனவே ஒரு பிரதி இணையத்தில், ஒரு பிரதி கல்லூரியில், மூலப் பிரதி வீட்டுப் பெட்டியில் என்று மூன்று இடங்களில் இருப்பதே பாதுகாப்பு.

இவ்வாண்டு முதல் எங்கள் மாணவர்கள் ஒவ்வொருவரும் தத்தம் ஊரிலிருந்து ஓர் அரபுத்தமிழ்க் கிதாபின் முகப்பையும் இறுதிப் பக்கத்தையும் படமெடுத்து வர வேண்டும் என்று ஏற்பாடு செய்துள்ளேன். ஆசிரியர், அச்சகம், ஆண்டு, எழுதியவர் பெயர் ஆகியவை பெரும்பாலும் அவ்விரு பக்கங்களில்தான் இருக்கும். முதல் மாதத்தில் பதினொரு படங்கள் வந்தன. அவற்றில் நான்கு கிதாபுகளுக்கு முகப்பு இல்லை, கரையான் தின்றுவிட்டது. அந்த நான்கும் யாருடையவை என்பதை உள்ளே ஓதிப் பார்த்துத்தான் கண்டறிய வேண்டும். அதை எந்தத் தேடுபொறியும் நமக்காகச் செய்து தராது.