கேத்தி நடைமேடையில் ஒரு பாத்திரம்

‘மூன்றாம் பிறை’ (1982) முடிகிற இடம் நீலகிரியின் கேத்தி ரயில் நிலையம். நினைவு திரும்பிய ஸ்ரீதேவி பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறார். வெளியே மழையிலும் சேற்றிலும் கமல்ஹாசன், கையில் கிடைத்த பாத்திரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு, அவளுக்கு ஒரு காலத்தில் பிடித்திருந்த குரங்காட்டத்தை ஆடிக் காட்டுகிறார். பாலு மகேந்திராவின் ஒளிப்பதிவையும் கமலின் நடிப்பையும் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது; இருவருக்கும் தேசிய விருதும் கிடைத்தது. அந்தப் பாத்திரத்தைப் பற்றி நான் படித்த எதிலும் ஒரு வரி இல்லை. அது கடையிலிருந்து வந்த பளபளப்போடு இருந்திருந்தால் காட்சி கெட்டிருக்கும். புதுப் பாத்திரம் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும்; கண் நடிகரை விட்டுவிட்டு அதன் பின்னால் போய்விடும். கண்ணில் படவும் வேண்டும், கண்ணை இழுக்கவும் கூடாது. அரங்கப் பொருள் செய்கிற வேலையின் கஷ்டம் முழுவதும் இதில்தான்.

கோடம்பாக்கத்தில் இதற்குப் பெயர் ‘பிராப்பர்ட்டி’. ஆர்ட் டைரக்டரின் கீழே தச்சர், மோல்டிங் செய்பவர், பெயின்டர், செட் அசிஸ்டென்ட் என்று பல கைகள் சேர்ந்து செய்கிற வேலை. பெயர்தான் புதிது. தெருக்கூத்தில் கிரீடம், புஜகீர்த்தி, மார்புப் பதக்கம் எல்லாவற்றையும் சேர்த்துக் ‘கட்டை’ என்பார்கள். கல்யாண முருங்கை போன்ற எடை குறைந்த மரத்தில் செதுக்கி, ஜிகினா ஒட்டி, கண்ணாடிச் சில்லுகள் பதித்தது. விடிய விடிய ஆடுகிறவன் தலை தாங்க வேண்டுமே, அதனால் லேசான மரம். தீவட்டியில் தொடங்கி பெட்ரோமாக்ஸ் வரைக்கும் ஆடும் வெளிச்சத்தில் கடைசியில் உட்கார்ந்திருப்பவனுக்கும் மின்ன வேண்டும், அதனால் கண்ணாடி. பதினெட்டாம் போர் முடிவில் திடலில் படுத்துக்கிடக்கும் துரியோதனனின் மண்ணுருவம், ஓர் ஊரே சேர்ந்து செய்யும் அரங்கப் பொருள். அதைவிடப் பெரிய பிராப்பர்ட்டியை எந்த ஸ்டுடியோவும் எனக்குக் காட்டியதில்லை.

கன்னையா கம்பெனி, நவாப் ராஜமாணிக்கம், ஆர்.எஸ். மனோகர் என்று மேடைத் தந்திரங்களுக்குப் பேர்போன வரிசை ஒன்று உண்டு. அங்கிருந்து சினிமாவுக்கு வந்தபோது மாறியது தூரம். மேடையில் பொருளுக்கும் பார்ப்பவனுக்கும் நடுவே நாற்பது வரிசை நாற்காலி. குளோசப்பில் நடுவே ஒன்றுமில்லை. ஆணித் தலையும் தெரியும், ஃபெவிக்கால் வழிந்த தடமும் தெரியும்.

நீலகிரிக்கு வருவோம். பிரிட்டிஷ்காரர்கள் சீசனுக்கு ஊட்டி வந்தபோது நாடகமும் நடனமும் கூடவே வந்தன. அவை நடந்த அசெம்பிளி ரூம்ஸ் பின்னாளில் திரையரங்கானது. சினிமா இந்த மலையைப் பெரும்பாலும் வேறு ஊராகவே காட்டியிருக்கிறது. டேவிட் லீனின் ‘எ பாஸேஜ் டு இந்தியா’ (1984) படத்தில் மராபார் குகைகளுக்குப் போகும் ரயில் நம் மலை ரயில்தான். ‘ரோஜா’ (1992) படத்தில் தீவிரவாதம் காரணமாகக் காஷ்மீர் போக முடியாமல், ஊட்டியும் குன்னூரும் மணாலியோடு சேர்ந்து காஷ்மீராயின. ‘தில் சே’ (1998) படத்தில் பெட்டியின் கூரைமேல் ‘சைய்யா சைய்யா’ ஆடியபோது இதே தண்டவாளம் வடகிழக்குக்குப் போய்விட்டது.

மலையும் மரமும் எந்த ஊருக்கும் ஒத்துப்போகும். கடைப் பலகை ஒத்துப்போகாது. மைல் கல், வண்டி நம்பர் பிளேட், தபால் பெட்டி, பெட்டிக்கடையில் தொங்கும் ஷாம்பு பாக்கெட் எதுவும் ஒத்துப்போகாது. இயக்குநர் ‘இது காஷ்மீர்’ என்று சொன்ன பிறகு, அதை நம்பவைக்கும் பாரம் இந்தச் சின்னச் சாமான்களின் தலையில் விழுகிறது.

அந்தச் சாமான்கள் சென்னையிலிருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் லாரியில் வந்து, மேட்டுப்பாளையம் தாண்டி 14 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வருகின்றன. ஏறியபின் மலை தன் வேலையைக் காட்டும். 2,240 மீட்டர் உயரத்தில், மூடுபனி நாட்களில், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் இறுகினாலும் உள் ஈரம் போகாது. ஈரத்தின்மேல் பெயின்ட் அடித்தால் உரியும். மரப் பசை குளிரில் சரியாகப் பிடிக்காமல் வெளுத்துப் பொடியாகும். சமவெளியில் ஒரு பகலில் காயும் வேலைக்கு இங்கே இரண்டு மூன்று நாள் ஒதுக்கத் தெரிய வேண்டும். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தமிழ்நாடு முழுக்க ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது 2019 ஜனவரியில். நீலகிரி மாவட்டம் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் முன்பே அந்த வழியில் நடக்கத் தொடங்கிவிட்டது. தெர்மாகோல் செதுக்கிய தூளைப் புல்வெளியில் விட்டுவிட்டு இறங்குவது குற்றம் என்றே நான் சொல்வேன். காற்றில் பறக்கும் அந்த வெள்ளைத் தூள் ஓடைக்கும் போகும், மாட்டின் வயிற்றுக்கும் போகும்.

மேலே கொண்டுவரத் தேவையில்லாத ஒரு பொருள் இந்தத் தொழிலுக்கு உண்டு. தேயிலை. மேடையிலும் திரையிலும் விஸ்கி என்று ஊற்றப்படுவது பெரும்பாலும் ஆறிய டிகாஷன்தான். அது எல்லோருக்கும் தெரியும். அதன் பெரிய உபயோகம் பழசாக்குவதில் இருக்கிறது. நூறு வருஷத்துப் பத்திரம் ஒன்று வேண்டும் என்றால், வெள்ளைத் தாளை டிகாஷனில் நனைத்துக் காயவைப்பார்கள். நீலகிரியின் சிறு தொழிற்சாலைகளில் தயாராகும் டஸ்ட் தூள் இதற்கு வாகு. மலிவு, சீக்கிரம் சாயம் இறங்கும். முதலில் தாளை மடித்து, மடிப்பை நகத்தால் நீவிவிட வேண்டும். நார் உடைந்த அந்த இடத்தில் சாயம் கூடுதலாக ஏறி, பலமுறை பிரித்துப் படித்த கடிதம் போல ஆகும். காயும்போது ஈரம் ஓரத்துக்கு நகர்வதால் விளிம்பு தானாகவே கறுக்கும். ஊற்றுப் பேனா மை கரைந்து ஓடும். பால்பாயின்ட் நிற்கும், ஆனால் 1920ஆம் வருஷத்துக் கடிதத்தில் பால்பாயின்ட் எழுத்தா? ஆகவே கரையாத மையைத் தேடிப் பிடிக்க வேண்டும். பருத்தித் துணி இந்தச் சாயத்தை நன்றாகக் குடிக்கும், பாலியெஸ்டர் குடிக்காது. துருப்பிடித்த ஆணிகளை ஊறவைத்த நீரைச் சேர்த்தால், தேயிலையின் துவர்ப்போடு இரும்பு கூடி, பழுப்பு சாம்பல் கறுப்பாக மாறும். இரும்பும் துவர்ப்பும் சேர்ந்தால் கறுப்பு என்பது பழங்கால மை காய்ச்சியவர்களுக்கும் தெரிந்த கணக்கு.

தேயிலைத் தோட்டத்தையே கதைக்களமாக எடுத்தால் தேவை வேறு. பாலாவின் ‘பரதேசி’ (2013), பி.எச். டேனியலின் ஆங்கில நாவலைத் தழுவியது. தமிழில் அதை இரா. முருகவேள் ‘எரியும் பனிக்காடு’ என்று மொழிபெயர்த்திருக்கிறார். அந்தப் படத்தின் உடை வடிவமைப்புக்காகப் பூர்ணிமா ராமசாமிக்குத் தேசிய விருது கிடைத்தது. கிழிசலும் அழுக்கும் வடிவமைப்பு என்று ஒரு விருதுக்குழு ஒப்புக்கொண்டதில் எனக்குப் பெரிய சந்தோஷம். இன்று தோட்டத்துக்குப் போய்ப் பார்த்து எழுதிக்கொண்டு வந்தால் பழைய காலத்தைச் செய்ய முடியாது. மூங்கில் கூடையின் இடத்தில் பையும் வலையும் வந்துவிட்டன. விரலால் கிள்ளிய கொழுந்தைக் கத்தரியும் இயந்திரமும் வெட்டுகின்றன. தலையில் வார் மாட்டிய கூடை, இடுப்பில் சுற்றிய படங்கு, மழைக்கு மேலே போர்த்திய கம்பளி, கங்காணியின் கைத்தடி. இவற்றின் அளவும் தேய்மானமும் தெரிந்தவர்கள் லைன் வீடுகளில் இருக்கும் பாட்டிகள். கூடையின் வார் நெற்றியில் எந்த இடத்தில் அழுத்தும் என்பதை அவர்களைத் தவிர யார் சொல்வது?

மலைத்தோட்டத்திலிருந்து இந்தத் துறைக்கு வந்தவர்கள் உண்டு. நான்கு தேசிய விருதுகள் பெற்ற ஆர்ட் டைரக்டர் சாபு சிரில் பிறந்தது வால்பாறையில். ‘காலாபானி’யின் சிறைச்சாலையும் ‘எந்திரன்’ உலகமும் அவர் கைவேலை. வால்பாறை ஆனைமலையில் இருக்கிறது என்பது தெரியும். இருந்தாலும் தேயிலைக்காட்டுப் பிள்ளை என்ற உரிமையில் இங்கே சேர்த்துக்கொள்கிறேன். நீலகிரியில் கைத்திறனுக்கு எக்காலத்திலும் பஞ்சமில்லை. கோத்தர்களின் ஊர்கள் ஏழு. இரும்படிப்பதும், தச்சும், பெண்கள் கையால் வனையும் மண்பானையுமாக, தோடருக்கும் படுகருக்கும் வேண்டிய பொருட்களைத் தலைமுறை தலைமுறையாகச் செய்து கொடுத்தவர்கள் அவர்கள். தோடர் பெண்களின் கறுப்பு சிவப்புப் பூவேலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊட்டியின் இந்து நகரில் படச்சுருளே தயாரித்த அரசு ஆலை பல ஆண்டுகள் ஓடியது. இவ்வளவும் இருந்தும் பழங்குடி என்றால் இலை தழையும் இறகும் கட்டிவிடும் பழக்கம் நம் சினிமாவில் நெடுங்காலம் இருந்தது. பக்கத்து ஊரில் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். கேட்காமல் விட்டதுதான் இந்தத் துறையின் பெரிய குறை என்று நினைக்கிறேன்.

கேட்டவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதைக் கூடலூரில் பார்க்கலாம். முதுமலைக் காட்டை மூடிக்கொண்டிருக்கும் அந்நியக் களை உண்ணிச்செடி. அதன் தண்டை வெட்டி, வேகவைத்து, தோலுரித்து, இரும்புக் கம்பிச் சட்டத்தின்மேல் வளைத்துக் கட்டி, பணியர், பெட்டக்குறும்பர், காட்டுநாயக்கர், சோளகர் சமூகக் கைவினைஞர்கள் ஆளுயரம் தாண்டிய யானைகளைச் செய்கிறார்கள். ரியல் எலிஃபென்ட் கலெக்டிவ் என்ற அமைப்பின் வழியாக அந்த யானைகள் 2021இல் லண்டன் பூங்காக்களில் நின்றன. 2024இல் நூறு யானைகள் அமெரிக்காவில் ஊர் ஊராகப் பயணம் தொடங்கின. இவை சினிமாவுக்குச் செய்தவை அல்ல. ஆனால் சட்டம் கட்டுவது, எடையைக் குறைப்பது, தூரத்திலிருந்தும் கிட்டத்திலிருந்தும் நம்பவைப்பது எல்லாம் பிராப்பர்ட்டிக்காரரின் அதே பாடம்.

ஒரு வித்தியாசம் உண்டு. பொதுவாக ‘யானை’ என்று ஒன்றை அவர்கள் செய்வதில்லை. காட்டில் உலவும், அடையாளம் தெரிந்த இன்ன யானை, அதன் அளவில். முதுகின் சரிவோ காதின் மடிப்போ தவறினால் முதலில் கண்டுபிடிப்பவர் அதைக் கட்டியவர்தான். சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில் அசல் யானை குறுக்கே வந்து நிற்பது அவருக்குத்தான்.