பின்னணியில் கரைந்துபோன குளம்

சுசீந்திரம் குளத்தில் எடுத்த நீளவால் இலைக்கோழிப் படங்கள் இன்ஸ்டாகிராமில் நிறையக் கிடைக்கின்றன. எல்லாமே துல்லியம். இறகின் நுனி, கண்ணுக்குள் மினுங்கும் வெளிச்சம், தாமரையிலையில் பரத்திவைத்த நீள விரல்கள். பின்னால் வெண்ணெய்போல உருகிய பச்சை. எந்த ஊர்ப் பறவை என்று மட்டும் சொல்ல முடியாது.

இது லேசான வேலை இல்லை. 600 மி.மீ. லென்ஸை முழுசாகத் திறந்துவைத்து, கரைச் சேற்றில் குப்புறக் கிடந்து, பறவையின் கண்மட்டத்துக்கு இறங்க வேண்டும். அப்போதுதான் பின்புலம் தூரமாகப் போய்க் கரையும். பறவையின் கண்ணை இப்போது கேமராவே தேடிப் பிடித்துவிடுகிறது. காத்திருப்பதை மட்டும் நாம்தான் செய்ய வேண்டும். நானும் அப்படிக் கிடந்தவன்தான்.

ஆனால் கரைந்துபோனது எது? நாகர்கோவில்–கன்னியாகுமரி ரோடு, மின்கம்பி, குளிக்கிற ஆட்கள், மருத்துவாமலை. அதாவது குளம்.

மா. கிருஷ்ணனின் யானைப் படங்களைப் பாருங்கள். கறுப்பு வெள்ளை. யானையோடு புதரும் வெயிலும் தரையும் சேர்ந்தே நிற்கும். அந்தக் காலத்து லென்ஸ் அவ்வளவுதான் என்று சிலர் சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெவ்வேறு உறுப்புகளைக் கோத்துத் தனக்கென்று ஒரு கேமராவை உண்டாக்கி, அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் வைத்தவர் அவர். எது வேண்டும் என்று தெரிந்துதான் எடுத்திருக்கிறார். 'மழைக்காலமும் குயிலோசையும்' தொகுப்பைப் படித்தவர்களுக்கு அந்தக் கண் பழக்கமானது: பறவையை அது வாழும் இடத்தோடுதான் பார்க்கும்.

சுசீந்திரம்–தேரூர் நீர்நிலைகள் 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. இருபது வருஷம் கழித்து ஒருத்தன் வந்து, அன்று தண்ணீர் எதுவரை நின்றது, தாமரை எவ்வளவு படர்ந்திருந்தது என்று கேட்டால், நம்முடைய ஆயிரக்கணக்கான படங்களில் பதில் இருக்காது. இலைக்கோழி இருந்தது என்பது மட்டும் தெரியும். இன்னொரு சங்கடமும் உண்டு. அந்த மழுமழு பச்சையைப் பார்க்கிறவன் இது மனுஷன் கால்படாத இடம் என்று நம்பிவிடுகிறான். மண் அடித்து மூடினால் எதை இழப்போம் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

போட்டிகளும் லைக்குகளும் இந்தச் சுத்தத்தைத்தான் கேட்கின்றன என்பது வாஸ்தவம். அதற்காக குளோசப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பத்துக்கு ஒன்றாவது அகலமாக எடுக்கலாம்.

ஒரு டிசம்பர் காலை, கூழைக்கடா ஒன்று தண்ணீரைவிட்டு எழும்பும்போது, சரியாக அதன் பின்னால் கன்னியாகுமரி பஸ் வந்துவிட்டது. ஜன்னலோரத்தில் ஒரு குழந்தை கை நீட்டிக்கொண்டிருந்தது. ஃப்ரேம் கெட்டுப்போச்சே என்று அங்கேயே டெலீட் செய்தேன்.