எல்லைத் தமிழும் ஒப்புமை அளவுகோலும்

கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் வழங்கும் தமிழை ‘எல்லைத் தமிழ்’ என்னும் ஒரே பெயரால் சுட்டி, அதனை மலையாளம் கலந்த மொழி என முடிவு கட்டும் போக்கு உண்டு. கடன்சொற்களைப் பட்டியலிடுதலே இதன் முறையாகும். இம்முறை வெவ்வேறு கிளைமொழி அமைப்புகளை ஒன்றாக மயக்குகிறது. டச்சு, எபிரேயம் ஆகிய இரண்டன் கிளைமொழி நிலையை ஒப்பிட்டால் இம்மயக்கம் புலனாகும்.

நெதர்லாந்து, ஜெர்மனி எல்லையின் இருபுறத்து ஊர்வழக்குகளும் மரபாக ஒரே கிளைமொழித் தொடர்ச்சியாக அமைந்தவை. ஒருபுறம் டச்சும் மறுபுறம் ஜெர்மனும் பள்ளிமொழியான பின் அரசியல் எல்லை மொழியெல்லையாகவும் இறுகி வந்துள்ளது. எபிரேயத்தின் நிலை வேறு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து பேச்சுமொழியாக மீட்கப்பட்ட அம்மொழியில் நிலவழி வேறுபாடு மிகக் குறைவு. வேறுபாடுகள் பெரிதும் குடிவந்தோரின் பூர்விகத்தைச் சார்ந்தவை. ஏமன் நாட்டு வழியினருள் முதியோர் பேணும் தொண்டையொலிகள் பெரும்பான்மையோர் பேச்சில் இல்லை.

பாலக்காட்டின் கொழிஞ்சாம்பாறைப் பகுதித் தமிழ் பொள்ளாச்சிப் புறத்துக் கொங்கு வழக்கின் தொடர்ச்சி. அது டச்சு வகையைச் சாரும். அதே மாவட்டத்து அக்கிரகாரத் தமிழ் பல நூற்றாண்டுகளுக்கு முன் குடியேறிய சமூகத்தின் வழக்கு. அது எபிரேய வகையை ஒத்தது. 1877இல் கண்ணன் தேவன் மலைகள் தோட்டப் பயிருக்கென வழங்கப்பட்ட பின் குடியேறிய தொழிலாளர் தமிழும் இடப்பெயர்ச்சியின் விளைவே. ஆயினும் எபிரேயத்திற்குக் கிட்டிய அரசாதரவு அதற்கு வாய்க்கவில்லை. 1956இல் தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தில் அமைந்தன. ஒப்புமை இங்கு எல்லை காண்கிறது.

‘கலப்பு’ என்னும் முடிவும் மறுபரிசீலனைக்குரியது. அக்கிரகாரத் தமிழில் ‘கூட்டான்’ போன்ற சொற்கள் வழங்கினும், ‘வந்தான்’, ‘வந்தாள்’ என வினைமுற்று பால் காட்டுகிறது. இன்றைய மலையாள வினைமுற்றில் இவ்விகுதிகள் இல்லை. இலக்கணத்தை விடுத்துச் சொல்லை மட்டும் எண்ணுவது அளவுகோலின் குறையேயன்றி வழக்கின் குறையன்று.

இக்குறை மொழிபெயர்ப்பாளரையும் பாதிக்கிறது. 2015இல் மூணாறு தோட்டப் பெண்கள் நடத்திய போராட்டத்தில் ‘பெம்பிளை ஒருமை’ என்னும் பெயர் எழுந்தது. தமிழ் இலக்கணத்தில் ‘ஒருமை’ எண்ணைக் குறிப்பது. ஐக்கியத்திற்கு ‘ஒற்றுமை’ என்பதே பெருவழக்கு. மலையாளத்தில் ‘ஒரும’ ஐக்கியம் எனப் பொருள்படும். ஆகவே ‘ஒருமை’ தமிழ் வடிவில் மலையாள வழக்கின் பொருளை ஏற்றது எனலாம். இதனைப் பிழையெனக் கருதிப் ‘பெண்கள் ஒற்றுமை’ எனத் திருத்தும் மொழிபெயர்ப்பு, பொருளைக் காத்துப் பேசுவோரை இழக்கிறது.

எனவே எல்லைத் தமிழ் ஒன்றன்று. நிலத்தொடர்ச்சி, குடியேற்றம், பள்ளிமொழி ஆகிய மூன்றையும் பிரித்தறிந்த பின்னரே கடன்சொற் கணக்கிற்குப் பொருள் உண்டாகும்.