முத்துக் கரையில் மனச்சாட்சி

அறம் தனிமனிதனின் உள்ளத்தே பிறப்பது என்றும், மனச்சாட்சிக்கு இணங்க வாழ்வதே அதன் முழுமை என்றும் கூறுவோர் உளர். பொருளியல் உறவுகளே ஒழுக்கத்தை நிர்ணயிக்கின்றன எனக்கூறித் தனிமனிதப் பொறுப்பைப் புறந்தள்ளுவோரும் நம்மிடையே உளர். இவ்விரு நோக்குகளின் போதாமையையும் மன்னார்க் கரையோர அனுபவத்தில் வேர்கொண்ட ஆங்கிலச் சிறுகதையொன்று உணர்த்துகின்றது.

லெனாட் வூல்ஃப் 1904 முதல் 1911 வரை இலங்கையில் குடியேற்ற ஆட்சியின் சிவில் அதிகாரியாக இருந்தவர். 1906இல் மன்னாருக்குத் தெற்கேயுள்ள மரிச்சுக்கட்டியில் நடைபெற்ற முத்துக்குளிப்பில் மேற்பார்வைப் பணி புரிந்தார். அவ்வனுபவத்தின் அடியாகப் பிறந்ததே 1921இல் வெளியான 'முத்துக்களும் பன்றிகளும்'.

இங்கிலாந்தின் விடுதியொன்றில் கர்னல், மதகுரு, பங்குத் தரகர் ஆகியோர் கீழைத்தேயத்தை ஆளும் முறைபற்றி விவாதிக்கின்றனர். முத்துக்குளிப்பை நடத்திய ஆணையாளர் அவர்களுக்குத் தாம் கண்ட இரு மரணங்களைக் கூறுகின்றார். குடிவெறியால் சித்தங்கலங்கிய வைற் என்ற வெள்ளையன், கட்டிவைக்கப்பட்ட நிலையில், தான் இழைத்த கொடுமைகளையெல்லாம் பிதற்றியவாறே மடிகின்றான். அவ்வேளையில், கடலில் இறந்த தோழனைக் கரைசேர்த்த அராபியர்கள் அமைதியாக அவனுக்குரிய கடனைச் செய்கின்றனர்.

வைற்றின் மனச்சாட்சி அறிவு தெளிந்திருந்த காலமெல்லாம் ஊமையாயிருந்தது. செயலுக்கு வழியற்ற இறுதிக் கணத்திலேயே வாய்திறந்தது. அராபியரின் அறமோ கூட்டுழைப்பில், ஒருவர் உயிர் மற்றவர் கைக்கயிற்றில் தங்கியிருந்த வாழ்வில் விளைந்தது. இவ்வேறுபாட்டை இனத்தின் இயல்பாகக் கொள்வது தவறாகும். உழைப்பின் உறவுகளே அதன் அடிப்படை.

எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கே கடலுள் இறங்கியவனுக்குரியது. இதனை ஆணையாளர் அறியாதவர் அல்லர், அறிந்தும் நிறைவேற்றுகின்றார். வைற்றைக் கண்டு அருவருக்கும் அவரது நேர்மை, தாம் காக்கும் பங்கீட்டைக் கேள்விக்குட்படுத்துவதில்லை. கதையின் எல்லை இதுவே.

ஆயினும் வூல்ஃப் அவ்வெல்லையில் நின்றுவிடவில்லை. விடுமுறையில் தாயகம் சென்ற அவர் 1912இல் பதவியைத் துறந்தார். திருமணமும் அம்முடிவுக்குக் காரணமாயிற்று; எனினும் ஆளும் தொழிலில் அவருக்கு ஏற்பட்ட ஐயம் பின்னர் ஏகாதிபத்தியத்துக்கு எதிரான எழுத்தாக வளர்ந்தது. ஒருவர் விலகியமையால் அமைப்பு மாறிவிடவில்லை என்பது உண்மையே. ஆனால் அமைப்பைக் காரணங்காட்டி அதில் தொடர்ந்து பங்குகொள்வதும் ஒரு தெரிவே. அத்தெரிவுக்குப் பொறுப்பேற்பதிலேயே மனச்சாட்சி சமூகப் பொருள் பெறுகின்றது.