கணக்குத் தீர்த்தல்

நான் ஆய்வு மாணவனாக இருந்த பல்கலைக்கழகத்திலிருந்து போன ஆண்டு ஒரு மடல் வந்தது. ஆங்கிலத்தில், எட்டே வரி. படிப்பு முடித்தோ முடிக்காமலோ வெளியேறியவர்களின் மின்னஞ்சல் கணக்குகளில் செயலற்றுக் கிடப்பவை முப்பது நாட்களில் அகற்றப்படும். வேண்டியதை இறக்கி வைத்துக்கொள்ளவும். இது ஒரு தூய்மைப்படுத்தும் பணி. கீழே ஆள் பெயர் கிடையாது, 'கணினி மையம்' என்று மட்டும் இருந்தது. இந்த எட்டு வரியை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வாசித்துப் பார்க்கிறேன். 'ஒரு மெயில் ஐடி போனதுக்கு இவ்ளோ பெரிய விமர்சனமா?' என்றார் நண்பர். ஆமாம், அதுக்குத்தான்.

இந்தப் பிரதியில் எழுவாய் இல்லை. அகற்றப்படும், முடக்கப்படும், மீட்க இயலாது போகும் – எல்லாம் செயப்பாட்டுவினை. முடிவெடுத்தது ஆட்சிக்குழுவா, பதிவாளரா, கணினி மையத்தில் யாரோ ஒருவரா என்பது எங்கும் தெரியவில்லை. நகரங்களில் குடிசைகளை எடுக்கும்போது ஒட்டுகிற நோட்டீசிலும் இதே வாக்கிய அமைப்புத்தான். அங்கே 'ஆக்கிரமிப்பு', இங்கே 'செயலற்ற கணக்கு'. இரண்டிலும் குடியிருந்தவர் பெயர் மாறி இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் பொருளாகிவிடுகிறார். 'தூய்மை' என்ற சொல்லையும் சும்மா விட்டுவிட முடியாது. சாதி ஊறிய ஒரு சமூகத்தில் எது அழுக்கு, யார் அதை அகற்றுவது என்பது நிர்வாகச் சொல்லாக வந்தாலும் வெறும் நிர்வாகச் சொல் அல்ல.

இதற்குப் பின்னால் ஒரு பொருளாதாரம் இருக்கிறது. 2006இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் தன் மாணவர்களின் அஞ்சலைக் கூகுளிடம் கொடுத்தது. பிறகு உலகெங்கும் பல பல்கலைக்கழகங்கள், இந்தியாவிலும் ஏராளமாக, சொந்த சர்வர்களை மூடிவிட்டு அந்தப் பக்கம் போயின. 2014இல் கல்வி நிறுவனங்களுக்கு அளவற்ற சேமிப்பு இலவசம் என்றார்கள். 2021 பிப்ரவரியில் அந்த 'அளவற்ற' முடிவுக்கு வந்தது: ஒரு நிறுவனம் முழுமைக்கும் 100 டெராபைட், ஏற்கெனவே இருப்பவர்களுக்கு 2022 ஜூலை முதல் என்று. அதன்பிறகுதான் பல்கலைக்கழகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பழைய மாணவர்களின் கணக்குகள் மேல் கைவைக்கத் தொடங்கின. ஊருக்குப் பொதுவான குளத்தை மூடிவிட்டுத் தனியார் குழாயில் தண்ணீர் பிடித்தோம். குழாய்க்காரன் திருகைச் சுருக்கினான். உடனே ஊர் கூடி யாருடைய குடத்தை முதலில் தள்ளிவைத்தது என்பதுதான் கேள்வி. பேராசிரியர்களின் குடத்தை அல்ல.

இனி என் தோழியின் கதை. பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம். நெறியாளரின் தொந்தரவு தாங்காமல் முனைவர் பட்ட ஆய்வைப் பாதியில் விட்டு வெளியேறியவர். வெளியேறிய முப்பதாம் நாள் விதிப்படி அவர் கணக்கு நீக்கப்பட்டது. நீக்கிய கணக்கை நிர்வாகி நினைத்தால் மேலும் 20 நாளைக்குள் மீட்கலாம். அதன்பின் கூகுளே நினைத்தாலும் கிடையாது என்பதுதான் நிர்வாகிகளுக்குச் சொல்லப்படும் விதி. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புக்கான 2013ஆம் ஆண்டுச் சட்டம் புகார் கொடுக்க மூன்று மாதம் தருகிறது, தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம். பல்கலைக்கழகங்களுக்கான யுஜிசி விதிமுறையிலும் அதே மூன்று மாதம். ஆக, புகாரின் ஆயுள் மூணு மாசம், ஆதாரத்தின் ஆயுள் அம்பது நாள். தோழி எழுபதாவது நாள் வாக்கில் உள்ளகக் குழுவின் முன் போய் உட்கார்ந்தார். 'ஆதாரம் ஏதாச்சும் இருக்காம்மா?' என்று கேட்டிருக்கிறார்கள்.

இருந்தது. இரவு ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் வந்த மடல்கள் இருந்தன. ஆய்வேட்டு இயல்களின் ஓரத்தில் நெறியாளர் எழுதிய குறிப்புகள் இருந்தன, ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத குறிப்புகள். அந்தக் கோப்புகளை உருவாக்கியவர் தோழி என்பதால் அவையும் அவர் கணக்கோடு சேர்ந்தே போயின. பகிர்ந்து படித்தவர்களிடமும் மிஞ்சவில்லை. மடல்களின் மறுபாதி நெறியாளரின் பெட்டியில் இருக்க வேண்டும். அந்தப் பெட்டி செயலூக்கமுள்ள பெட்டி. அவர் பணியில் இருக்கிறார். 'என்னிடம் அப்படி எதுவும் இல்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அவர் குப்பைக்கு அனுப்பியிருந்தாலும் முப்பது நாளில் குப்பையும் காலியாகிவிடும்.

'ஏன் காப்பி எடுத்து வைக்கல?' என்று நானும்தான் கேட்டேன். கேட்டதற்கு இப்போதும் வெட்கப்படுகிறேன். 'அந்த லாகின்ன தொறக்கவே பயமா இருந்துச்சு. புதுசா ஏதாவது வந்திருக்குமோன்னு' என்றார். நிர்வாகப் பிரதியில் 'செயலற்ற' என்று குறிக்கப்படுவது இந்த அச்சத்தைத்தான். அறுபது நாள் உள்ளே நுழையாதவர் அக்கறை இல்லாதவர் என்று ஒரு நிரல் முடிவுசெய்கிறது. அவரை நுழையவிடாமல் செய்தது எது என்பதை அது கேட்பதில்லை, கேட்கும்படி எழுதப்படவும் இல்லை.

அப்படியானால் எல்லாவற்றையும் நிரந்தரமாகச் சேமித்து வைக்கச் சொல்கிறேனா? அதுவும் எளிதான பதில் இல்லை. 2012இல் ஹார்வர்டில் தேர்வு முறைகேட்டு விவகாரம் ஒன்றில் செய்தி கசிந்தது யாரால் என்று கண்டுபிடிக்க, மாணவர் விடுதிகளில் தங்கிப் பணிபுரியும் 16 டீன்களின் அஞ்சல் பெட்டிகளை நிர்வாகம் அவர்கள் பெரும்பாலோருக்குச் சொல்லாமலே துழாவியது. 2013 மார்ச்சில்தான் அது வெளியே வந்தது. சேமிப்பு என்பது கண்காணிப்பின் கிடங்கும்தான். போராட்டத்துக்கு ஆள் திரட்டிய மாணவரின் மடல்கள் பத்தாண்டு கழித்தும் நிர்வாகத்தின் கையில் கிடந்தால் அதைக் கொண்டாட முடியாது.

மறுபக்கம் கிழக்கு ஆங்கிலியா. 2009 நவம்பரில் அப்பல்கலைக்கழகத்தின் காலநிலை ஆய்வுப் பிரிவின் மடல்கள் திருடப்பட்டு வெளியிடப்பட்டன. புவி வெப்பமாதலை மறுக்கும் கூட்டம் அதைக் கொண்டாடியது. விசாரணைகள் அறிவியலில் மோசடி இல்லை என்றே சொல்லின. ஆனால் 2008இல் ஒரு ஆய்வாளர் சகாக்களுக்கு, குறிப்பிட்ட மடல்களை அழித்துவிடுமாறு எழுதியிருந்தது அந்தக் குவியலில் இருந்தது. தகவல் கேட்டு வந்த விண்ணப்பங்களைத் தவிர்க்கிற காரியம். பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் குற்றம் நடந்திருப்பதற்கான அறிகுறி இருப்பதாகச் சொன்னது; வழக்குத் தொடுப்பதற்கான ஆறு மாதம் கடந்துவிட்டது என்றும் சொன்னது. நல்ல அறிவியல்தான். ஆனாலும் அழிக்கிற பொத்தான் யார் விரலுக்குக் கீழே இருந்தது என்று பாருங்கள்.

தெரிதா 1994இல் லண்டனில் ஆற்றிய உரையில் ஆவணம் என்ற சொல்லின் வேரைத் தோண்டிக்கொண்டு போய் ஒரு வீட்டைக் காட்டினார். கிரேக்க ஆட்சியாளர்களின் வீடு. ஆவணங்கள் அங்கேதான் கிடக்கும், பொருள் சொல்லும் உரிமையும் அந்த வீட்டுக்காரர்களுக்கே. அதே உரையில் மின்னஞ்சல் இந்த அமைப்பையே மாற்றிவிடும் என்றும் பேசினார். முப்பது ஆண்டு கழித்துப் பார்த்தால் வீடு கலிபோர்னியாவுக்குப் போயிருக்கிறது, சாவிக்கொத்தின் ஒரு பிரதி நம்மூர்ப் பதிவாளரிடம். எழுதியவள் வாடகைதாரர், அதுவும் நோட்டீஸ் கொடுக்கப்பட்ட வாடகைதாரர். நம் சிந்தனையாளர்கள் சிலர் இந்த உரையை மேற்கோள் காட்டிக்காட்டியே பேராசிரியர்கள் ஆனார்கள். தங்கள் துறையில் எந்தக் கணக்கு எப்போது நீக்கப்படுகிறது என்று அவர்களில் எத்தனை பேர் கேட்டார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.

சட்டம் ஒன்றும் ஊமையாக இல்லை. 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 'தகவல்' எதுவென்று வரையறுக்கும்போதே மின்னஞ்சலைப் பெயர் சொல்லிச் சேர்க்கிறது. பிரிவு 4 பதிவேடுகளை வகைப்படுத்தி, அட்டவணையிட்டு வைத்திருக்கச் சொல்கிறது. ஒருவர் கேட்ட தகவலை அழித்தால் நாளொன்றுக்கு 250 ரூபாய், உச்சமாக 25,000 ரூபாய் தண்டம். ஆனால் கேட்பதற்கு முன்பே, 'தூய்மைப் பணி' என்ற பெயரில் அழித்துவிட்டால்? தோழியின் மடல்கள் தனிப்பட்டவையா, நிறுவனத்தின் பதிவேடா என்றே எந்தக் கொள்கையும் பேசவில்லை. பட்டம் கொடுக்கும்போது மாணவர் நிறுவனத்தின் சொத்து, புகார் கொடுக்கும்போது அவருடைய மடல் அவர் சொந்தப் பாடு.

குறைந்தபட்சம் இவ்வளவு கேட்கலாம்: பாதியில் வெளியேறியவர்களின் கணக்கை, புகாருக்கான கால எல்லை முழுவதும் முடியும்வரை தொடக்கூடாது. நீக்கும் முன் இரண்டு பேர் ஒப்பம், அதில் ஒருவர் மாணவர் தரப்பு. புகார் வந்தால் குற்றம் சாட்டப்பட்டவரின் பெட்டியை அன்றே உறையவைத்தல். இதில் தொழில்நுட்பச் சிக்கல் எதுவும் இல்லை. கணக்கை நீக்காமல் முடக்கி மட்டும் வைக்கிற வசதி அந்த மென்பொருளிலேயே இருக்கிறது, கணினி மையத்தில் இருக்கும் எந்தப் பையனைக் கேட்டாலும் சொல்வான்.

தோழி இப்போது ஒரு பள்ளியில் பாடம் எடுக்கிறார். உள்ளகக் குழு, போதிய ஆதாரம் இல்லை என்று கோப்பை மூடியது. நான் தகவல் உரிமை விண்ணப்பம் ஒன்று போட்டேன்: இந்த நீக்கக் கொள்கைக்கு ஒப்புதல் கொடுத்த கோப்பின் நகல் வேண்டும் என்று. முப்பதாவது நாள் பதில் வந்தது. அந்த முடிவு மின்னஞ்சல் வழியாக எடுக்கப்பட்டதாம். அப்போதைய பொறுப்பாளர் ஓய்வு பெற்றுவிட்டாராம். அவருடைய கணக்கு நடைமுறைப்படி நீக்கப்பட்டுவிட்டதாம். மேல்முறையீடு போட்டிருக்கிறேன்.