பார்க்கக் கற்கும் கண்கள்

டப்ளினைச் சேர்ந்த வில்லியம் மாலினோ, 1688இல் தத்துவ அறிஞர் ஜான் லாக்குக்கு ஒரு கேள்வி எழுதி அனுப்பினார். உருண்டையையும் கனசதுரத்தையும் தடவியே இனம்பிரிக்கப் பழகிய பிறவிப் பார்வையற்றவர் ஒருவருக்குத் திடீரென்று பார்வை கிடைக்கிறது. தொடாமலே எது உருண்டை, எது கனசதுரம் என்று அவரால் சொல்ல முடியுமா? மாலினோவின் மனைவி மணமான சில காலத்திலேயே பார்வை இழந்தவர். இந்தக் கேள்வி அந்த வீட்டுக்குள்ளிருந்துதான் பிறந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

முடியாது என்றார் லாக். 1694இல் வந்த தம் நூலின் இரண்டாம் பதிப்பில் கேள்வியையும் சேர்த்துக்கொண்டார். தத்துவ அறிஞர் பார்க்லியும் அவர் கட்சியே. இந்த இரண்டு பொருள்கள்தாம் எதிரே உள்ளன என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டால், யோசித்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று வாதிட்டார் மற்றொரு தத்துவ அறிஞரான லைப்னிட்ஸ்.

தர்க்கத்தை விட்டு மனிதர்களிடம் வரும்போதுதான் இந்தக் கேள்வி உயிர்பெறுகிறது. லண்டன் அறுவை மருத்துவர் செசல்டன், கண்புரை நீக்கிய சிறுவன் ஒருவனைப் பற்றி 1728இல் எழுதினார். காண்பவையெல்லாம் தன் கண்ணை வந்து தொடுவதாக அவனுக்குத் தோன்றியது. பூனை எது, நாய் எது என்ற குழப்பம் தீரவில்லை. கேட்கக் கூச்சப்பட்டு, ஒருநாள் பூனையைப் பிடித்து நன்றாகத் தடவினான். பிறகு அதையே உற்றுப் பார்த்து, அடுத்த முறை அடையாளம் கண்டுகொள்வேன் என்று சொல்லி இறக்கிவிட்டான்.

உளவியலாளர் ரிச்சர்ட் கிரிகரியும் ஜீன் வாலஸும் 1963இல் வெளியிட்ட ஆய்வு என்னை அதிகம் உலுக்கியது. எஸ்.பி. என்று அவர்கள் குறிப்பிடும் மனிதர், பத்து மாதக் குழந்தையாக இழந்த பார்வையை 52 வயதில் பெற்றார். விரலால் தடவிக் கற்றிருந்த பெரிய எழுத்துகளைக் கண்ணாலும் உடனே படித்தார். அருங்காட்சியகத்தில் கடைசல் இயந்திரத்தின் முன் நின்றபோதோ, ஒன்றும் பிடிபடவில்லை. கண்களை மூடி அதை முழுவதும் தடவினார். விலகி நின்று கண் திறந்ததும், இப்போது தெரிகிறது என்றார். பார்வை அவருக்கு மகிழ்ச்சி தரவில்லை. மனச்சோர்வில் ஆழ்ந்து 1960இல் இறந்தார்.

மாலினோவின் கேள்விக்கு முறையான சோதனை நடந்தது இந்தியாவில். எம்.ஐ.டி. பேராசிரியர் பவன் சின்ஹா, ‘பிரகாஷ்’ திட்டத்தின் வழியாகப் பார்வையற்ற பிள்ளைகளுக்கு டெல்லியில் அறுவை சிகிச்சை செய்விக்கிறார். 8 முதல் 17 வயது வரையிலான ஐந்து பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2011இல் வெளியானது. பொம்மைக் கட்டைகளில் ஒன்றைக் கண்ணால் பார்த்து, அதையே மறுபடி கண்ணால் அடையாளம் காண்பது அவர்களுக்கு எளிதாக இருந்தது. கையால் தொட்டதைக் கண்ணால் தேடச் சொன்னபோது, குருட்டாம்போக்கில் சொல்வதற்கும் அவர்கள் விடைக்கும் பெரிய வேறுபாடில்லை. லாக் சொன்னது சரி. ஆனால் சில நாள்களிலேயே, தனிப்பயிற்சி எதுவும் இல்லாமல், கையறிவும் கண்ணறிவும் இணையத் தொடங்கிவிட்டன. பார்வையை ஒரு பருவம் தாண்டினால் கற்கவே முடியாது என்ற பழைய அவநம்பிக்கையை இது வெகுவாக அசைத்துவிட்டது.

எல்லாமே கற்றுத்தான் வருகிறது என்றும் சொல்லிவிட முடியாது. சம நீளமுள்ள கோடுகளை நீளமாகவும் குட்டையாகவும் காட்டும் முல்லர்-லையர் மாயத்தோற்றத்தில், பார்வை பெற்ற உடனேயே இத்தகைய பிள்ளைகள் ஏமாந்தார்கள் என்று அதே குழு 2015இல் காட்டியது.

தாமதத்துக்கு விலையும் உண்டு. பூனைக்குட்டியின் ஒரு கண்ணைப் பிறந்ததிலிருந்து சில மாதங்கள் மூடிவைத்தால், மூளை அந்தக் கண்ணைக் கைவிடுவதை நரம்பியல் ஆய்வாளர்கள் ஹியூபலும் வீஸலும் 1960களில் நிறுவினார்கள். 1981இல் நோபல் பரிசும் பெற்றார்கள். ‘பிரகாஷ்’ பிள்ளைகளுக்கும் பார்வைக் கூர்மை முழுமையாகத் திரும்புவதில்லை. பிறவிக் கண்புரை அடர்த்தியாக இருந்தால், முதல் இரண்டு மாதங்களுக்குள் அறுவை செய்வதே நல்லது.

கைக்குழந்தையின் கண்மணி வெள்ளையாகத் தெரிந்தால் அது கண்புரையாக இருக்கலாம், விழித்திரைப் புற்றாகவும் இருக்கலாம். வளரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். உடனே கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.